நாய்களுக்கென்று நீ வாங்கிய வேன்

அண்ணா,

உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறைக்கு வந்தேன், பூ வைத்தேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், திரும்பிவிட்டேன். வாயைத் திறந்தால் சண்டை போடுவேன் என்று எனக்கே தெரியும். கல்லறைத் தோட்டத்தில் நின்று செத்தவனோடு சண்டை போடுகிறாள் கிழவி என்று மரக்காணம் முழுக்கப் பேசும். அதனால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று ஸ்டெல்லா வந்தாள். உன் மகள் சென்னையில் புதுக் கார் வாங்கியிருக்கிறாள். தனக்காக இல்லை, தன் இரண்டு நாய்களுக்காக. என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பின்கதவைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க அத்தே, எவ்ளோ கீழ இருக்குது. பெரியவனுக்கு வயசாயிடுச்சில்ல, தாவ முடியாது. அதுக்குத்தான் இந்த வண்டியவே எடுத்தேன்" என்றாள். நாய்களின் மார்பைச் சுற்றிப் போட ஒரு வார், பின்னால் வரைக்கும் குளிர்காற்று வர ஒரு வழி, கால் வழுக்காமல் இருக்க ரப்பர் பாய். அந்தப் புது ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. சட்டென்று குனிந்து பாயின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தேன். அவள் சிரித்தாள். "என்னத்தே, புதையலா தேடுறீங்க?"

மதியம் நாய்களுக்குச் சோறு பிசைந்தாள். நான் தட்டை வாங்கக் கை நீட்டினேன். அவள் விளையாட்டாகத் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "வேணாம்பா. நீங்க போட்டா ராஜா, லில்லி கதை ஆயிடும்." அவளுக்கு அது சிரிப்பு. ஆறு வயசில் தொடங்கிய பேச்சு. அவளுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இத்தனை வருஷமும் அதைக் கேட்டுக்கொண்டு நானும் கூடவே சிரித்திருக்கிறேன். நேற்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை உனக்குச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் அதற்கு முன்னால் நீ முழுவதையும் கேட்டாக வேண்டும். உயிரோடு இருந்தபோது நீ ஒருமுறையும் முழுசாகக் கேட்கவில்லை, பாதியில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்?

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். அண்ணி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நீ, நான், ஸ்டெல்லா, அப்புறம் உன் மூன்று நாய்கள். நீ இங்கே உப்பளத்தில் மேஸ்திரி, நான் கான்வென்ட்டில் தையல் டீச்சர். வேதாரண்யத்து உப்பளத்தில் உனக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. வேலையை விட நாய்களை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் உனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் நாய்க்கென்று ஒரு பெட்டி இருக்கிறது என்று யாரோ சொல்லத் திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து குதித்தாய். "சவப்பெட்டி மாதிரி இருக்குது லூர்து. மூச்சு உட ரெண்டு ஓட்டை. அதுல என் ராஜாவப் போடுவேனா நானு?"

ராஜாவைத் தெரியாதவர்கள் அப்போது இங்கே கிடையாது. செம்மண் நிறம், நீள முகம், நின்றால் என் இடுப்புக்கு வரும். உப்புக் குவியல் பக்கம் ராத்திரி யார் நிழலும் அண்ட முடியாது. லில்லி வெள்ளை, சாது, ராஜா சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடும். இரண்டுக்கும் பிறந்தது மொட்டை. குட்டியாக இருக்கும்போது உப்பு வண்டிச் சக்கரத்தில் வால் மாட்டிப் போய்விட்டதால் அந்தப் பெயர். அண்ணி போன பிறகு நீ மனுஷர்களோடு பேசியதை விட அந்த மூன்றோடு பேசியதுதான் அதிகம். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அப்பா விட்டுப்போன பனந்தோப்பை விற்று வண்டி வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, ஊரே சிரித்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஊர் என்னமாய்ச் சிரித்தது. "மனுசனுக்கே பஸ்ஸு ரெண்டு நேரந்தான் வருது, மேஸ்திரி நாய்க்குக் காரு வாங்குறாராம்!" என்று டீக்கடையில் பேச்சு. நீ கண்டுகொள்ளவில்லை. ராஜாவைச் சுவர் ஓரம் நிறுத்தி, கயிற்றால் மூக்கிலிருந்து வால் வரை ஒரு அளவு, காலிலிருந்து காது வரை ஒரு அளவு எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாய். அந்தக் கயிற்றைச் சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினாய். புரோக்கர் காட்டிய ஒவ்வொரு வண்டியிலும் தலையை விட்டுக் கயிறு பிடித்து அளந்தாய். ஓட்டிப் பார்க்கவில்லை, இன்ஜினைக் கேட்கவில்லை. "சார், துணி எடுக்க வந்தீங்களா, வண்டி எடுக்க வந்தீங்களா?" என்று அந்த ஆள் கேட்டதை நீயே வந்து சொல்லிச் சிரித்தாய்.

சின்னக் கார் வேண்டாம், ராஜாவின் தலை கூரையில் இடிக்கும். ஜீப் வேண்டாம், திறந்த வண்டி, வழியில் ஆட்டைப் பார்த்தால் மூன்றும் குதித்துவிடும். பெரிய காரில் இடம் இருந்தது, ஆனால் பின்சீட்டைக் கழற்ற அந்த ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. நாலாவது தடவை போனபோது அந்தப் பழைய வேன் கிடைத்தது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் வெறும் தரை, இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லாத திறப்பு, பின்கதவு அகலமாகத் திறக்கும். கயிற்றின் இரண்டு முடிச்சுக்கும் இடம் சரியாக இருந்தது. நீ அங்கேயே முடித்துவிட்டாய்.

அது யாருடைய வண்டி என்று கேட்டாயா? உப்பு வியாபாரி ஒருவர் வைத்திருந்தது. பத்து வருஷம் அதில் ஈர உப்பு மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று உனக்கா தெரியாது? உப்பள வாய்க்கால் மடைத் தகடு மூன்று மழைக்குத் தாங்காது என்று நீயே திட்டுவாயே. வண்டியை வாசலில் நிறுத்தித் தரையில் கிடந்த சாக்கை எடுத்தால், பலகாரச் சட்டி அளவுக்கு இரண்டு ஓட்டை. அதன் வழியாகத் தெரு தெரிந்தது. ஸ்டெல்லா ஓட்டை வழியாகக் கையை விட்டு ஆட்டி விளையாடினாள்.

"புதுச்சேரிக்குத் திரும்பக் கொண்டுபோயி தகடு வெச்சி வெல்டிங் வெச்சிக்கினு வா" என்றேன். நான் சொன்னேன் அண்ணா. இதை மறுக்காதே. அடுப்படி வாசலில் நின்று மாவுக் கையோடு சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "ஒரு வாரம் இழுத்தடிப்பான் லூர்து. இதுக்கு இன்னாத்துக்கு வெல்டிங்? குப்பத்துல கேட்டா கீலு தருவாங்க." மீன்காரக் குப்பத்துக்குப் போய், தோணிக்குப் பூசுகிற, தார் மாதிரியான கீலை ஒரு சட்டி வாங்கி வந்தாய். காய்ச்சினாய். சாக்கை அதில் தோய்த்து மூன்று மடிப்பு ஓட்டையில் திணித்து மேலே இன்னொரு பூச்சு பூசினாய். தோணி ஒழுகினால் நம் கரையில் அப்படித்தான் அடைப்பார்கள். "கடலையே உள்ள உடாத ஒட்டு இது. ரோட்டுத் தண்ணியா உள்ள வந்துடப் போவுது?" என்று காலால் மிதித்துக் காட்டினாய். நானும் தலையாட்டினேன். இந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கீழே இருந்து வருவதென்றால் தண்ணீர்தான். வண்டிக்குக் கீழே கொதிக்கக் கொதிக்க ஒரு புகைக்குழாய் ஓடுகிறது என்பது நம் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை.

அதற்கப்புறம் நீ செய்ததையெல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஒரு பலகையில் வட்டமாக வெட்டி அலுமினியச் சட்டியை உள்ளே இறக்கினாய், வண்டி குலுங்கினாலும் தண்ணீர் கவிழாது. தரை முழுக்கத் தடித்த கயிற்றுப் பாய். ஓரத்தில் வளையம் அடித்துச் சங்கிலி மாட்ட வழி. முன்சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் முதலில் கம்பி வலை போட்டாய். ராஜா வலை வழியாக நாக்கை நீட்டி உன் கழுத்தை நக்கியது, ஓட்ட முடியவில்லை என்று அதன் மேல் பிளைவுட் அறைந்தாய். பக்கத் திறப்புகளுக்குத் திரை என்னிடம் கேட்டாய். உப்புக் குவியல் மூடுகிற கித்தானைக் கொண்டுவந்து போட்டாய். மழைச்சாரல் ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது என்றாய்.

நான் தைத்தேன். என் வேலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இரட்டைத் தையல், ஓரத்தை மடித்து உள்ளே கயிறு, ஆணியில் இழுத்துக் கட்டினால் காற்றுகூட நுழையாது. பின்கதவு ஓரத்தில் வலது மூலை மட்டும் பாக்கி, அங்கே வரும்போது ஊசி உடைந்தது. வீட்டில் அந்த நம்பர் ஊசி வேறு இல்லை. கடைசி நாள். ஒரு சாண் அளவுக்கு அப்படியே விட்டுவிட்டேன். "இவ்ளோ தச்சவ இத்த தைக்க மாட்டியா? அங்கத்தான் மழ அடிக்கப் போவுது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். எனக்கும் அது குறையாகத்தான் பட்டது.

ஐப்பசி மழை. உப்பளம் எல்லாம் மூழ்கிக் கடலும் பாத்தியும் ஒன்றாகக் கிடந்த காலம். விடிந்ததும் கிளம்பினோம். வழிக்கு வேண்டுமே என்று நெத்திலி வேகவைத்துச் சோற்றில் பிசைந்து மூன்றுக்கும் போட்டேன். ராஜாவும் லில்லியும் அளவாகத் தின்றன. மொட்டை தன்னுடையதைத் தின்று, தாயின் தட்டையும் நக்கி, சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். பின்னால் ராஜாவோடு உட்கார வேண்டும் என்று தரையில் புரண்டாள். நீ பின்கதவைத் திறந்து, "வா, ஏறு. ஜாலியா ராஜா மேல சாஞ்சிக்கினு வா" என்றாய். நான் விடவில்லை. அண்ணா, எனக்கு ஏதோ தோன்றியது, உள்ளுணர்வு சொன்னது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பயணத்துக்கென்று வெள்ளைக் கவுன் தைத்துப் போட்டிருந்தேன், பத்து நாள் ராத்திரி உட்கார்ந்து பூவேலை செய்தது. நாய் முடி ஒட்டும், சேறாகும். அவ்வளவுதான் காரணம். இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். "கவுனு கவுனுன்னு சாவற. பொண்ணு அழுவுறது தெரியல உனக்கு" என்று என் மேல் எரிந்து விழுந்தாய்.

அன்றைக்கு இப்போது மாதிரி அகலச் சாலையா இருந்தது? குண்டும் குழியுமாக ஒற்றைத் தார் ரோடு, மழை வேறு. நத்தை மாதிரி போனோம். புதுச்சேரிக்குள் நுழைகிற கீழ்புத்துப்பட்டு எல்லையில், சோதனைக்காக லாரிகள் வரிசை. நீ இன்ஜினை நிறுத்தவில்லை. ஈரத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்றாய். அரை மணிக்கு மேல் அப்படியே உறுமிக்கொண்டு நின்றோம். மழைக்கோட்டுப் போட்ட போலீஸ்காரர் ஒருவர் வந்து வேனின் பக்கத்தில் படபடவென்று தட்டினார். "உள்ள இன்னா சரக்கு?" "நாய்ங்க சார்." திரையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "அட, நல்லா தூங்குதுங்களே. எங்க ஊட்டு நாயி இப்டியா இருக்குது" என்றார். உனக்குப் பெருமை தாங்கவில்லை. "பழக்கம் சார். நம்ம ட்ரெயினிங் அப்படி."

நான் கேட்டேன். "அண்ணா, காக்கி சட்டையப் பாத்து ராஜா ஏன் கொலைக்கல?" தபால்காரரையே சந்து முனை வரை துரத்துகிற நாய் அது. நீ கியரைப் போட்டுக்கொண்டே, "வண்டி ஆடுறது தொட்டில் மாதிரி இருக்குதில்ல, தூங்குதுங்க. வுடு" என்றாய். நான் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இறங்கவில்லை, மழை பெய்தது, மடியில் குழந்தை தூங்கியது.

புதுச்சேரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தித் தண்ணீர் காட்டக் கதவைத் திறந்தாய். ராஜா உன் கால் மேல் சரிந்து விழுந்தது. லில்லி அதன் முதுகில் தலையை வைத்தபடி விறைத்திருந்தது. மொட்டை மட்டும் நான் தைக்காமல் விட்ட மூலையில் மூக்கைச் செருகிக்கொண்டு கிடந்தது. இழுத்து வெளியே போட்டோம். எழுந்தது, விழுந்தது, வாந்தி எடுத்தது, மறுபடி எழுந்தது. நீ ராஜாவைச் சேற்றில் போட்டு மார்பைத் தேய்த்தாய், வாயில் ஊதினாய். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். உன்னை அப்படி நான் அண்ணி சாவில்கூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் என் மனசு உனக்காக உருகிப்போனது. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் கல் இல்லை.

அப்புறம் அவற்றைச் சுற்றுவதற்காகப் பாயை உருவ உள்ளே ஏறினாய். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் பாய் இல்லை, உன் முகம் வேறு மாதிரி இருந்தது. ஸ்டெல்லா அழுதுகொண்டே, "அப்பா, ராஜாவுக்கு இன்னாச்சி?" என்று கேட்டாள். நீ அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். "உங்க அத்த காலையில கெட்டுப்போன மீனப் போட்டாம்மா. அதான்" என்றாய்.

அத்தனை பேர் முன்னால். முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய மீன், நாமும் அதைத்தான் தின்றோம். ஆனாலும் ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேதாரண்யம் வேண்டாம் என்று, மொட்டையை முன்னால் ஏற்றிக்கொண்டு நீ வண்டியைத் திருப்பினாய். வழியெல்லாம் ஸ்டெல்லா என் மடியில் உட்காரவில்லை, கதவோரம் ஒட்டிக்கொண்டு வந்தாள். உப்பளத்து மேட்டில் இரண்டையும் புதைத்தாய். ஒரு மாதத்துக்கு அவள் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் போய்த் தின்றாள். நான் வைத்த குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். தெருவில் மீன்காரி, "டீச்சரம்மா, இது நேத்து மீனு இல்ல, தைரியமா வாங்கு" என்று கூவுவாள்.

இரண்டு வாரத்தில் வண்டியை விற்றாய். வானூரில் துணி வியாபாரம் செய்த ஒரு பாய் வாங்கிக்கொண்டார். தண்ணீர்ப் பலகை, சங்கிலி, பாய் இவற்றை மட்டும் கழற்றிக் கொல்லையில் எறிந்திருந்தாய். அந்தக் கயிற்றுப் பாய் நல்ல பாய், கழுவிப் போடலாம் என்று எடுத்துப் புரட்டினேன். அடிப்பக்கம் கீல் உருகி ஏறிக் கொழகொழவென்று பிடித்திருந்தது. நடுவில் நார் கருகித் தீய்ந்திருந்தது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன், பெட்ரோல் புகை நாற்றம். பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரிப் பட்டறைக்கு நடந்தேன். பட்டறைக்காரர் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாங்கக்கா இது? சைலன்சர் பைப்புக்கு மேல கீல் வெச்சா நிக்குமா? உருகி ஓட்டை திறந்திருக்கும். பொக பூரா உள்ள ஏறியிருக்கும். சுத்தி அடைச்சி வேற வெச்சிருக்கீங்க. அதுல மனுசன் இருந்தாலும் தூக்கத்துலயே போயிடுவான்."

வீட்டுக்கு வந்தேன். நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பாயை உன் முன்னால் போட்டேன். நீ ஆச்சரியப்படவில்லை அண்ணா. அதுதான் என்னை எரித்தது. குனிந்து பார்க்கக்கூட இல்லை.

"உனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"அப்பறம் ஏன் மீனுன்னு சொன்ன?"

"இன்னான்னு சொல்லச் சொல்ற? என் கையால அடைச்சி என் கையாலயே கொன்னுட்டேன்னு சொல்லவா? அந்தப் பொண்ண வா ஏறுன்னு கூப்புட்டதே நான்தானே. அத எப்டிடி சொல்லுவேன்?" காலால் பாயைத் தள்ளினாய். "நான் தாங்க மாட்டேன் லூர்து. நீ தாங்கிப்ப."

நீ தாங்கிப்ப. என்ன சுலபமாகச் சொன்னாய். யார் உனக்குச் சொன்னார்கள் நான் தாங்குவேன் என்று? கல்யாணம் ஆகாதவள், அண்ணன் வீட்டில் இருக்கிறவள், வாய் பேசாதவள், அதனால் தாங்குவாள். அதுதானே உன் கணக்கு?

ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. "வண்டி வாங்குன பாய்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். நீ சுவரைப் பார்த்தாய். "புதுப் பாய் போட்டுக் குடுத்துட்டேன். அவரு துணி மூட்டதான் ஏத்துவாரு" என்றாய். சொல்லாமலே விற்றிருக்கிறாய், அந்த ஓட்டையின் மேல் புதுப் பாய் போட்டு மூடி. அன்றைக்கு நான் உன்னை என்னவெல்லாம் பேசினேன் என்று இங்கே எழுத மாட்டேன். பூசைக்குப் போகிற வாயால் பேசக் கூடாத பேச்சு. நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "போவாத லூர்து. மானம் போயிடும். நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றாய். உன் பக்குவம் எனக்குத் தெரியாதா?

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். வானூரில் பாய் வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, வாசலிலேயே வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பக்கமும் புது பெஞ்சு அடித்து, மெத்தை போட்டு, அதில் அவருடைய நாலு பிள்ளைகள் உட்கார்ந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். உன் பிளைவுட் அப்படியே இருந்தது, என் திரையும் அப்படியே இருந்தது. யாரோ அந்த வலது மூலையைக்கூட அழகாகத் தைத்து மூடியிருந்தார்கள்.

"பசங்கள எறக்குங்க பாய், மொதல்ல எறக்குங்க" என்று கத்தினேன். யாரோ பைத்தியம் என்று அவர் நினைத்திருப்பார். நான் யார் என்று சொல்லி, தரையில் விரித்திருந்த புதுப் பாயைத் தூக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் மண்டியிட்டு ஓட்டையைப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி கடைசிப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார். "அல்லா காப்பாத்துனான். வெள்ளிக்கிழம திண்டிவனத்துல மாமியார் வூட்டுக்குப் பசங்கள ஏத்திக்கினு போறதா இருந்தோம்மா" என்றார் பாய். அப்புறம் ஒன்று கேட்டார், கோபமே இல்லாமல். "ஏம்மா, உங்க அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" அதற்கு உன் சார்பில் நான் தலை குனிந்து நின்றேன். அவர் வண்டியைத் திருப்பித் தரவில்லை. தகடு வைத்து வெல்டிங் பண்ணி, பிளைவுட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பல வருஷம் ஓட்டினார்.

நீ என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. நான் உன் மானத்தை வாங்கிவிட்டேனாம். பேச ஆரம்பித்தபோது முதல் வார்த்தையாக நீ கேட்டது ஒன்றுதான். "ஸ்டெல்லாகிட்ட மட்டும் சொல்லாத." நான் ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு உன்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம், அவள் பெரியவளானதும் நீயே சொல்வாய் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த மீன் கதையைச் சொல்லிச் சிரித்தாள். நீ பக்கத்தில் நின்றாய். நீயும் சிரித்தாய் அண்ணா. அன்றைக்குப் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை உன் மேல் எறிந்திருக்க வேண்டும் நான்.

மொட்டை அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தது. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் என் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நீ அதை ஒருநாளும் தொடவில்லை. அது எல்லாரையும் விட அதிகம் மீன் தின்றது என்று உனக்கும் எனக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும். கடைசியில் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பதினொரு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா மருந்து வாங்கிக்கொண்டு உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும், இப்போது அவளிடம் சொல்வாய், இப்போது சொல்வாய் என்று உன் வாயையே பார்த்தேன். நீ தண்ணீர் கேட்டாய், ஜன்னலைச் சாத்தச் சொன்னாய், ஃபேனைக் குறைக்கச் சொன்னாய்.

அதனால் நேற்று நானே சொல்லிவிட்டேன். அவள் தட்டைப் பின்னுக்கு இழுத்து அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்ததும், "மீன் இல்லடி" என்றேன். "என்னத்தே?" என்றாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, கீல், நான் தைத்த திரை, வானூர், எல்லாம். என் பங்கை நான் மறைக்கவில்லை. உன் பங்கையும் மறைக்கவில்லை.

நாய்கள் சோற்றுக்காகச் சுற்றிச் சுற்றி வந்தன. அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "நான் பின்னாடி உக்காரணும்னு அழுதேன்ல அத்தே?"

"அழுத."

"அப்பா சரின்னு சொன்னாரில்ல?"

"சொன்னாரு."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவினேன். என்னிடம் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். எழுபத்தைந்து வயசில் வெட்கமில்லாமல் காத்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "பாவம் அத்தே அப்பா. இத வெச்சிக்கினு எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாரு."

பார்த்தாயா அண்ணா? நீ பயந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு உன் மேல் ஒரு துளி கோபம் வரவில்லை. அன்றைக்கு அந்த டீக்கடையில் நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழுதிருப்பாள். நீ என் தலையில் ஏற்றி வைத்தது யாருக்கும் தேவைப்படாத ஒரு பொய்.

தட்டை எடுத்து இரண்டு நாய்களுக்கும் வைத்தேன், அவள் தடுக்கவில்லை. சாயங்காலம் அவள் கிளம்பிப் போனாள், இன்றைக்கு விடிந்ததும் இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நானும் பாவந்தான் அண்ணா. அதை நீ ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

லூர்து